ஓடக்காரனின் கடைசி அடி

மாடிப்படியில் அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்டதும் பல்லக்கா கழுத்தில் தொங்கும் முகமூடியை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொள்வாள். பிளாஸ்டர் தூசி நெஞ்சுக்குள் போகாமலிருக்க வாங்கிய முகமூடி அது. தூசி பறக்கும்போது பெரும்பாலும் கழுத்திலேயே கிடக்கும். அண்ணி வந்தால் மட்டும் மேலே ஏறும்.

பொய்ப்பல் கட்டுவது அவள் தொழில். மூன்று மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புகிறார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி வாயை உண்டாக்கி, இளஞ்சிவப்பு மெழுகில் ஈறு செய்து, பற்களை ஒவ்வொன்றாக அதில் நிற்க வைக்கிறாள். ஜன்னலோரப் பலகையில் எந்த நேரமும் பத்துப் பன்னிரண்டு வாய்கள் திறந்தபடி இருக்கும். "எல்லாம் சிரிக்கும், ஒண்ணும் பேசாது. இதைவிட நல்ல துணை எங்க கிடைக்கும்?" என்பாள். முடிந்த பல்செட்டைப் பெட்டியில் வைக்கும் முன் இரண்டு முறை கடிக்க வைத்துப் பார்த்துவிட்டு, "போய் நல்லா சாப்பிடு" என்று வழியனுப்புவாள். தெருவில் எதிரே வருபவர்களின் கண்ணைப் பார்க்க மாட்டாள். வாயைத்தான் பார்ப்பாள். "அந்த சார் சிரிச்சாரு பாருங்க, மேல இடது நாலும் என்னோடது."

இப்படி ஊர்ப் பல்லையெல்லாம் ஊருக்கே சொல்லிவிடுவதால், ஐம்பத்தொரு வயதில் அவளுக்கு ஓட்டைவாய் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெயர் வைத்தது கூடப் பிறந்த அண்ணன். ஒருமுறை பிறந்தநாள் பரிசு என்னவென்று பிறந்தநாள்காரியிடமே, "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று எச்சரித்துவிட்டுச் சொன்னவள் அவள். அப்படிப்பட்டவள் பதினான்கு மாதங்களாக ஒரு ரகசியத்தை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்றால் அண்ணன் நம்பமாட்டார்.

ரகசியம், கொலைகாரன் யார் என்பது.

'மழை விடுதி' என்பது கணினியில் படிக்கிற ஒரு துப்பறியும் கதை. படம் வரும், குரல் வரும், எழுத்து வரும். நடுநடுவே எந்தக் கதவைத் திறக்கலாம் என்று நம்மையே கேட்கும். ஆற்றின் நடுவே ஒரு விடுதி, விடாத மழை, பூட்டிய அறைகளுக்குள் ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் சாகிறார்கள். பல்லக்கா பத்தொன்பது நாளில் படித்து முடித்தாள். முடித்த கையோடு, அப்போதுதான் ஓய்வுபெற்ற அண்ணிக்கு அதைக் கொடுத்தாள்.

அண்ணி கணக்கு டீச்சர். சாப்பிட்ட பிறகு தினமும் அரை மணி நேரம், கையில் பென்சிலோடு படிப்பார். நோட்டில் விடுதியின் வரைபடம் போட்டு, யார் எந்த அறையில் எப்போது என்று அம்புக்குறி இழுப்பார். வாரம் ஒரு கொலைகாரனைக் கண்டுபிடித்து, அவனை இழுத்துக்கொண்டு பல்லக்காவிடம் வருவார். பதிலுக்காக அல்ல, முகத்துக்காக.

"முப்பத்தோரு வருஷம் பரீட்சை ஹால்ல நின்னிருக்கேன்டி. காப்பியடிக்கிறவன் பேப்பரைப் பார்க்கவே மாட்டேன், மூஞ்சியைப் பார்த்தா போதும். எங்கே, அந்தத் துணியைக் கீழ இறக்கு."

"தூசி அண்ணி."

"எங்கடி தூசி? நீ மெழுகுதான உருக்கிட்டிருக்கே?"

"மெழுகுலயும் தூசி இருக்கும் அண்ணி."

எட்டாம் அத்தியாயத்தில் அண்ணி நெஞ்சில் கைவைத்து, "டாக்டர்தான். எழுதி வெச்சுக்கோ" என்றார். அந்த டாக்டர் அடுத்த பக்கத்திலேயே சாகப்போகிறவர். முகமூடி லேசாக உப்பிச் சுருங்கியது. "தும்மல்" என்றாள் பல்லக்கா. "ஓடக்காரனை மட்டும் கழிச்சுட்டேன். பாவம், எல்லாருக்கும் டீ போட்டுக் குடுக்கிறவன் கொலை பண்ணுவானா?" என்று அண்ணி சொன்ன அன்று, பல்லக்கா பேச்சை மூழ்கடிக்கச் சுழல்கருவியை முடுக்கி, கையிலிருந்த கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணி போன பிறகு பார்த்தால் பல்லே இல்லை.

ஆறு பேரையும் கொன்றது ஓடக்காரன்தான்.

இது போதாதென்று, கதை நன்றாக விற்றுவிட்ட சந்தோஷத்தில் அதைச் செய்த கம்பெனி அதே ஆட்களை வைத்து ஒரு சண்டை விளையாட்டும் செய்தது. பக்கத்துக்கு இரண்டு பேர், ஒருவர் மாற்றி ஒருவர் இறங்கி அடித்துக்கொள்ள வேண்டும். கதையில் செத்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து உதைக்கிறார்கள். பல்லக்காவின் அறைக்குக் கீழே இருக்கும், காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கடையில் அந்தச் சண்டை இயந்திரம் வந்து இறங்கிய வாரமே, தெருவிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு அண்ணி உள்ளே போய்விட்டார்.

"அட, நம்ம ஆளுங்க! ஏன்டி, நேத்து செத்தவ இன்னிக்கு எப்படிடி பல்டி அடிக்கிறா?"

கடைக்காரர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார், வேறெங்கும் இல்லாத சட்டம். ஒரு பக்கத்துக்கு ஒரு நாற்காலி. திரையில் ஆள் மாறினால் நாற்காலியிலும் ஆள் மாற வேண்டும். உட்கார்ந்திருப்பவர் எழுந்து, நிற்பவர் உட்கார்ந்து, கை பொத்தானுக்கு வர ஒன்றரை விநாடி ஆகும். அந்த ஒன்றரை விநாடியில்தான் அந்தக் கடையில் எல்லோரும் தோற்பது. பல்லக்காவும் அண்ணியும் இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். மாறுவதா வேண்டாமா என்பதை நிற்பவர் முடிவு செய்வார், 'மாத்து' என்றதும் உட்கார்ந்திருப்பவர் கேள்வி கேட்காமல் மாற்றிவிட்டு எழ வேண்டும். அண்ணி வாழ்நாளில் கேள்வி கேட்காமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

பல்லக்கா எடுப்பது கதையில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெண்ணை. அண்ணி எடுப்பது ஓடக்காரனை.

"வேற ஆளை எடுத்துப் பாருங்களேன் அண்ணி" என்று முதல் நாள் சொல்லிப் பார்த்தாள். "ஏன்? அவன்மேல உனக்கென்ன சந்தேகம்?" என்று அண்ணியின் பென்சில் வெளியே வந்தது. அதோடு விட்டுவிட்டாள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கடைசி அடி உண்டு. திரையின் கீழே இருக்கும் பட்டை நிறைந்திருக்கும்போது எதிராளி தள்ளாடினால், எதை அழுத்தினாலும் அது கடைசி அடி ஆகிவிடும், கூடவே ஒரு காட்சியும் ஓடும். ஓடக்காரனின் காட்சியில் அவன் தொப்பியைக் கழற்றி, இடுப்பிலிருந்து ஆறு சாவிகளை எடுத்துக் குலுக்கி, எந்த அறைக்குள் எப்படிப் போனான் என்று ஒவ்வொன்றாகச் சிரித்துக்கொண்டே சொல்வான். கதையைப் படித்து முடித்தவர்கள்தான் விளையாட வருவார்கள் என்று கம்பெனி நினைத்துவிட்டது. அண்ணியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

ஆள் மாறினால் பட்டை பாதியாகக் குறையும். ஆகவே பட்டை நிறையும் போதெல்லாம் பல்லக்கா 'மாத்து' என்றாள். ஜெயிக்க வேண்டிய ஆட்டங்கள் வரிசையாகக் கைநழுவின. இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் ஓடக்காரனின் கடைசி அடிக்கு, சாவிகளோடு ஒரு சின்னப் படம் இருந்தது. முதல் வாரமே அதன்மேல் ஈறு மெழுகைத் தட்டையாக அழுத்தி மூடிவிட்டாள். "என்னடி இது?" என்றார் அண்ணி. "யாரோ சூயிங்கம் ஒட்டியிருக்காங்க அண்ணி." "சனியனுங்க" என்றார் அண்ணி.

கடையில் இது எல்லோருக்கும் தெரியும். டீச்சர் உள்ளே இருக்கும்போது ஓடக்காரனை யாரும் தொடுவதில்லை. எதிர்வரிசை மருந்துக் கடை அண்ணன் தம்பி கூட, வாய் நீளம்தான் என்றாலும், இந்த விஷயத்தில் வாயைத் திறந்ததில்லை.

வருடத்துக்கொருமுறை கடையில் போட்டி நடக்கும். ஜெயித்த இருவரைப் படம் எடுத்து, சட்டம் போட்டு, இயந்திரத்துக்கு மேலே அடுத்த போட்டிவரை மாட்டி வைப்பார்கள். அண்ணிக்கு அந்தச் சுவரில் ஏற வேண்டும். "எத்தனையோ குரூப் போட்டோவுல ஓரமா நின்னாச்சு. ஒண்ணுலயாவது நடுவுல நிக்கிறேனே" என்று புதிதாக மூக்குக்கண்ணாடியே வாங்கியிருந்தார். அன்று கதையில் அவருக்கு மிச்சமிருந்தது மூன்று அத்தியாயம். போட்டி முடியும்வரை புத்தியைச் சிதறவிடக் கூடாது என்று படிப்பதை நிறுத்தி வைத்திருந்தார்.

இறுதி ஆட்டத்தில் எதிரே மருந்துக் கடைச் சகோதரர்கள்.

"பல்லக்கா, எங்க பல்லைக் கழட்டி வெச்சுட்டு ஆடணுமா?" என்றான் தம்பி.

"அப்படியே ஆடுங்கப்பா. உடைஞ்சா நானே கட்டித் தரேன். உங்கண்ணன் அளவு ஏற்கெனவே எங்கிட்ட இருக்கு."

அண்ணன்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். கடையே சிரித்தது.

ஆளுக்கு ஒரு சுற்று ஜெயித்து, மூன்றாவது சுற்று. அண்ணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கரும்பலகையை அழிப்பது மாதிரி முழங்கையை வீசி ஆடினார். ஓடக்காரன் துடுப்பால் சாத்தினான். தம்பியின் ஆள் தள்ளாட ஆரம்பித்தான். பல்லக்கா கீழே பார்த்தாள். பட்டை நிறைந்திருந்தது.

இன்னும் ஒரு அடி. எந்த அடியாக இருந்தாலும் போதும். மேலே சுவரில் ஆணி காலியாக இருந்தது.

கடைக்காரர் ஒலியைக் குறைக்கும் திருகில் கைவைத்துக்கொண்டு நின்றார். ஒலியைக் குறைத்தாலும் எழுத்து ஓடும். அண்ணி எழுத்தை விடமாட்டார், கமா உட்படப் படிப்பார். தம்பிகூட ஒரு கணம் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, பல்லக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"மாத்து" என்றாள் பல்லக்கா.

அண்ணி மாற்றிவிட்டு எழுந்தார். பல்லக்கா உட்கார்ந்து கையை நீட்டும் முன் தம்பியின் விரல் பொத்தானுக்குத் திரும்பிவிட்டது. ஆட்டம் ஆட்டம்தான்.

ஓடக்காரனின் தொப்பி கடைசிவரை தலையிலேயே இருந்தது. அண்ணி திரையைப் பார்த்தார், காலி ஆணியைப் பார்த்தார், பல்லக்காவைப் பார்த்தார். பல்லக்கா குனிந்து நாற்காலியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு உதை பாக்கிடி. குருடிக்குக்கூடத் தெரியும். எதுக்குடி மாத்தச் சொன்னே?"

"தோணிச்சு அண்ணி."

"தோணிச்சா?"

புதுக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து டப்பென்று மூடிக்கொண்டு அண்ணி வெளியே போனார். படம் எடுக்கும்போது மருந்துக் கடைச் சகோதரர்கள் சிரிக்கவில்லை. கடைக்காரர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

எட்டு நாள் அண்ணி மாடி ஏறவில்லை. யார் படியேறினாலும் பல்லக்காவின் கை முகமூடிக்குப் போயிற்று. அச்சு கொண்டுவருகிற ஆளாக இருக்கும், கை இறங்கிவிடும். ஒரு பல்செட்டில் இடது கோரைப்பல்லை வலதில் வைத்துவிட்டு மறுபடி மெழுகை உருக்கினாள். சொல்லிவிடலாம், ஒரு வாக்கியம்தான். போனைக் கையில் எடுப்பாள். இதற்காகத்தானே ஆணியைக் காலியாக விட்டோம் என்று வைத்துவிடுவாள்.

ஐந்தாம் நாள் அண்ணன் போன் செய்தார். "என்னம்மா பண்ணினே உங்கண்ணியை? எங்கிட்டகூடப் பேச மாட்டேங்கிறா. சாப்பிட்ட தட்டைக் கழுவாம உட்கார்ந்து அந்தக் கதையையே படிக்கிறா."

"எத்தனாவது அத்தியாயம்ணே?"

"அதை எங்கிட்ட கேளு! கிட்டப் போனா பென்சிலைக் காட்டுறா."

பல்லக்கா போனை வைத்துவிட்டுப் பலகையில் இருந்த வாய்களைப் பார்த்தாள். எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன.

ஒன்பதாம் நாள் பதினோரு மணிக்குப் படியில் அந்தச் செருப்பு கேட்டது. நடுவில் நிற்காமல், கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிற சத்தம். முகமூடி மேலே ஏறியது.

அண்ணி வணக்கமும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கீழே கடையில் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து உரித்துக்கொண்டு வந்த தாளைப் பலகையில், இரண்டு தாடைகளுக்கு நடுவே விரித்தார். புதுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மெழுகுக் கத்தியைக் கேட்காமலே எடுத்து, அந்த இளஞ்சிவப்புத் துண்டின் ஓரத்தில் நுழைத்து, மெல்ல நெம்பினார். அடியில் ஓடக்காரன் ஆறு சாவிகளோடு சிரித்தான்.

"சூயிங்கமா?"

பல்லக்கா இல்லையென்று தலையாட்டினாள்.

"எத்தனை நாளா?"

"பதிமூணு மாசம் அண்ணி. மெஷின் வந்ததுலருந்து."

"கடைக்காரனுக்கு?"

"தெரியும்."

"அந்த மருந்துக் கடைத் தடியனுங்களுக்கு?"

"தெரியும் அண்ணி."

"தெருவுக்கே தெரியும், எனக்குத் தெரியாது." அண்ணி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். மெழுகை விரல்களுக்கிடையில் வைத்து உருட்டினார். "ஆறு கப் டீ. ஆறு கப்லயும் மருந்து. ஒவ்வொரு தடவையும் கப்பைக் கழுவி வெச்சான்னு எழுதியிருந்துச்சுடி, அதுக்கு அடியில கோடுகூடப் போட்டிருக்கேன். என்ன பொறுப்பான பிள்ளைன்னு மார்க் போட்டேன்." அவர் தோள் குலுங்கியது. ஒரு கணம் பல்லக்கா பயந்துவிட்டாள். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"போட்டோ அடுத்த வருஷமும் எடுப்பாங்க அண்ணி" என்றாள் பல்லக்கா.

"எடுப்பாங்க, எடுப்பாங்க. அது கிடக்கட்டும்." அண்ணி ஸ்டூலோடு நெருங்கி வந்தார். பரீட்சை ஹாலில் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற குரல். "ஒண்ணு மட்டும் சொல்லு. எட்டாம் அத்தியாயத்துல, டாக்டர்தான், எழுதி வெச்சுக்கோன்னு சொன்னேனே. அப்ப அந்தத் துணிக்குள்ள நீ சிரிச்சியா, இல்லையா?"

பல்லக்கா கையிலிருந்த மேல்தாடையைப் பலகையில் வைத்தாள். இரண்டு காதுகளிலிருந்தும் நாடாவைக் கழற்றி முகமூடியை மடியில் போட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சம் முழுதும் விழும்படி முகத்தை அண்ணிக்குத் திருப்பிக் காட்டினாள்.