அண்ணன் உயரத்து ஆணி

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையில் ஊரே சோபாவில் கால் நீட்டிப் படம் பார்க்கும்போது நான் ஆணியும் சுத்தியலுமாக நிற்பேன். குருபோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு மட்டும் வாய் இருந்திருந்தால் என்மேல் போலீசில் புகார் கொடுத்திருக்கும்.

தீபாவளி முடிந்த வாரத்தில் கடைகள் மலிவாகத் தள்ளிவிடும் அலங்காரச் சாமான்கள்தான் என் பலவீனம். எல்லாரும் பண்டிகைக்கு முன் வாங்குவார்கள், நான் முடிந்த பிறகு வாங்குவேன். வாங்கியதை அடுத்த வருடம் வரைக்கும் பெட்டியில் கட்டி வைக்கப் பொறுமை கிடையாது. அதனால் எங்கள் வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் வருடம் பூராவும் தொங்கும். டிவிக்கு மேலே, தைப்பூசக் காவடியில் மிஞ்சிய மயிலிறகுகள். பொங்கல் பானையில் ரிமோட்டுகள். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் தீபாவளிக்காகப் பலகையில் பசை தடவி ஒட்டிய வண்ண அரிசிக் கோலம் ஒன்று குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. வழிமறித்து வீட்டுக்குத் தூக்கி வந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். அதில் வண்டு விழுந்த அன்று என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

எல்லாவற்றிலும் பெரியது செவ்வந்திச் சரம். துணிப்பூக்களால் ஆனது. சோபாவுக்கு மேலே இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஆரஞ்சும் மஞ்சளுமாக ஓடும். தூசி தட்டிக் கழுவி மறுபடி மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை என் கையில் இருக்கும். மறுமுனை என் அண்ணன் கையில்.

அண்ணனும் அண்ணியும் புக்கிட் பெருவாங்கிலிருந்து ஞாயிறு தோறும் மாலையில் வருவார்கள். செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் ஆரம்பித்துவிடுவார்.

“என்னடா, மண்டபம் ரெடி. பொண்ணு மாப்பிள எங்க?”

கிண்டல் செய்த வாயோடு சரத்தின் முனையைப் பிடித்துக்கொள்வார். என்னைவிட ஒரு தலை உயரம் அவர். எனக்கு ஸ்டூல் வேண்டும், அவருக்குக் கையை நீட்டினால் போதும். அண்ணி சோபாவில் சாய்ந்துகொண்டு, “எடது பக்கம் எறங்கியிருக்கு தம்பி, கொஞ்சம் ஏத்துங்க,” என்பார். ஒரு விரல் கோணலாக இருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. நேராகும் வரைக்கும் நாலு பேரும் சாப்பிட உட்கார முடியாது.

அந்த அண்ணன் இந்த வருடம் போய்விட்டார். காலையில் வேலைக்குக் கிளம்பிக் காடியில் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தவர் சாவியைத் திருப்பவே இல்லை. மாரடைப்பு.

கருமாதி முடிந்த பிறகு அண்ணி வீட்டோடு அடைந்துகொண்டார். கணவனை இழந்தவள் சில மாதம் அடுத்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று எங்கள் ஆட்களிடம் இன்னமும் ஒரு வழக்கம் இருக்கிறது. எவன் கண்டுபிடித்தானோ, அவன்மேல் எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஜொகூரில் வேலை பார்க்கும் அவர்களுடைய மகன் எனக்குப் போன் செய்தான். அம்மா சமைப்பதே இல்லை, தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான், தன்னோடு வரவும் மாட்டேன் என்கிறார் என்று சொல்லி அழுதான். நான் கூப்பிடும்போதெல்லாம் அண்ணியிடமிருந்து ஒரே பதில்தான். “இப்ப நான் எங்கயும் வரக்கூடாது தம்பி.” அவரையும் இழந்துவிடுவோமோ என்ற பயம் என்னைத் தூங்க விடவில்லை. ஒருவழியாக, “வர ஞாயித்துக்கெழம வரேன், சாப்புட்டுப் போறேன்,” என்றார். இந்த ஒரு தடவை மனம் கோணித் திரும்பினால் இனி எந்த வாசலுக்கும் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

“தம்பி, ஒரு வருஷத்துக்கு ஒங்களுக்கு நல்ல நாள் பெரிய நாள் கெடையாதுல்ல? வாசல்ல தோரணம் தொங்குதே.”

“அது எப்பவும் தொங்குறதுதான்க்கா. தீபாவளிக்குக் கட்டுனது இல்ல.”

“இருந்தாலும்லா. நாளைக்கு அண்ணி வராங்கன்னு சொன்னீங்க. இதெல்லாம் பாத்தா அவங்க மனசு என்ன பாடுபடும்?”

அவ்வளவுதான். தோரணத்தை அவிழ்த்தேன். உள்ளே போய் மயிலிறகைக் கழற்றினேன். பிறகு, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றவே இறகை மறுபடி செருகினேன். தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி கழற்றினேன்.

“அண்ணி பாக்காததா இது? சும்மா விடுங்கலா,” என்றாள் மனைவி.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது!” என்று கத்தினேன். எனக்கு மட்டும் என்ன தெரிந்தது?

சாயங்காலத்துக்குள் அரிசிக் கோலம், பொங்கல் பானை, செவ்வந்திச் சரம் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. சரத்தைத் தாங்கிய இரண்டு பெரிய ஆணிகள் மட்டும் சுவரில் நின்றன. அவற்றைப் பிடுங்கப் போனால் சுண்ணாம்பும் கூடவே வந்துவிடும். அலங்காரங்கள் இருந்த இடங்கள் வெளுத்தும் மற்ற இடங்கள் பழுத்தும் தெரிந்தன. வீடு காலிசெய்து போனவன் வீடு மாதிரி இருந்தது.

ஞாயிறன்று மனைவிக்கு புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். மீன் குழம்பு வைத்துவிட்டுப் போயிருந்தாள். நானே காடியை எடுத்துப் போய் அண்ணியை அழைத்து வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றியவர் நிமிர்ந்து, தோரணம் இல்லாத வாசல் நிலையைப் பார்த்தார். உள்ளே வந்து நடுக்கூடத்தில் நின்றபடி நான்கு சுவரையும் பார்த்தார்.

“நான் வரேன்னா தம்பி கழட்டுனீங்க?”

“இல்ல அண்ணி… ஒரு வருஷம் ஒண்ணும் கூடாதுன்னு… பாத்தா ஒங்களுக்கு கஷ்டமா இருக்கும்னு…”

“எனக்கா கஷ்டம்?” அண்ணியின் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. “பூவ எடுத்தாங்க. வளையல ஒடச்சாங்க. பொட்ட அழிச்சாங்க. நான் வாயத் தொறக்கல. இந்த வீடாவது அவரு பாத்த மாதிரி இருக்கும்னுதான் வந்தேன். நீங்க செவுத்துக்கும் சேத்து தாலி அறுத்து வச்சிருக்கீங்களே தம்பி.”



“என்னக் கொண்டு போயி விட்ருங்க,” என்று சொல்லி அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

காடிச் சாவியைத் தேடாமல் சாமான் அறைக்கு ஓடினேன். பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்தேன். மயிலிறகு, பானை, தோரணம் எல்லாம் தரையில் கொட்டின. சரத்தை உருவி எடுத்து ஸ்டூலில் ஏறி என் பக்கத்து ஆணியில் மாட்டினேன். மறுமுனை சோபாவின்மேல் விழுந்து கிடந்தது.

“அண்ணி, அந்த முனையப் புடிங்க.”

அவர் இரண்டு கையையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

“நான் தொடலாமா?”

“அண்ணி!” எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டூல் ஆடியது. “நீங்க தொடாம வேற யாரு தொடுறது? புடிங்க!”

கத்தியதற்காகவா, நான் விழுந்துவிடுவேன் என்றா தெரியவில்லை, பையைக் கீழே வைத்தார். சோபாவைச் சுற்றிப் போய் முனையை எடுத்தார். அதிலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். ஆணியை நோக்கிக் கையை நீட்டினார். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை நீட்டினார்.

“அவரு ஒசரத்துக்கு எனக்கு எட்டாது தம்பி,” என்று சொல்லிவிட்டு, சரத்தைப் பிடித்தபடியே அழுதார். கருமாதியன்றுகூட அவர் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. ஸ்டூலில் நின்றவாறே நானும் அழுதேன்.

அவருக்கு ஸ்டூலைக் கொடுத்திருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. சுத்தியலை எடுத்துப் போய், அண்ணியின் கை எட்டும் உயரத்தில் புதிதாக ஓர் ஆணி அடித்தேன். அவரே மாட்டினார். பிறகு இருவரும் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். அண்ணி இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டார்.

ஷிப்ட் முடிந்து வந்த மனைவி பையை வைக்குமுன் சுவரைப் பார்த்தாள்.

“என்னங்க, இவ்ளோ கோணலா இருக்கு? ஒங்களுக்கு எப்படிச் சோறு எறங்குச்சு?”

“எறங்குச்சு,” என்றேன்.

அண்ணி ஞாயிறு தோறும் வருகிறார். மற்றதையெல்லாம் நான் இன்னும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். சரத்தைக் கழுவினால் அதே கோணலில்தான் திரும்ப மாட்டுகிறோம். அண்ணனின் ஆணி மேலே காலியாக இருக்கிறது. அதில் இதுவரைக்கும் நான் எதையும் மாட்டவில்லை.