நாற்பதுக்குக் கீழே

அரியலூர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டர் என் பக்கம் குனிந்தார். "டீச்சர், நடேசன் சார் காலையில போயிட்டாருங்க. பெரம்பலூர்ல, மக வூட்ல." டிக்கெட்டை என் கையில் வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார். "எனக்கு அவரு ஸ்கூல்ல எடம் குடுக்கலைங்க. மார்க்கு பத்தலன்னுட்டாரு. ஆனாலும் நேர்மையான மனுஷன். டூட்டி முடிஞ்சதும் மாலை வாங்கிட்டுப் போவணும்."

அவரை அறிந்த எல்லோரும் இன்று இப்படித்தான் பேசுகிறார்கள். அரியலூரில் எங்கள் தனியார் உயர்நிலைப் பள்ளிக்கு எழுபதுகளில் தலைமையாசிரியராக வந்தவர் அவர். ஒன்பதாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு வைத்தார். ஐம்பதுக்கு நாற்பது எடுத்தால் இடம். ஒன்று குறைந்தாலும் கிடையாது. முடிவு சொல்லும் நாளில் பெற்றோரைப் பிள்ளைகளோடு முற்றத்தில் நிற்கவைத்து, பெயரையும் மார்க்கையும் அவரே உரக்கப் படிப்பார். மிகக் குறைந்த மார்க்கிலிருந்து தொடங்குவார். "குறைஞ்சவங்க மொதல்ல கெளம்பட்டும். வெயில் ஏர்றதுக்குள்ள வூடு போய்ச் சேரலாம்" என்பார். அதைக் கருணை என்றே அவர் நம்பினார்.

உடையார்பாளையம் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவர் ஒரு வருடம் முடிவு நாளில் காரில் வந்து இறங்கியதை அன்று அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கு நிலம் கொடுத்த குடும்பம். அவர் நாற்காலியை இழுத்துப் போடும்போதே நடேசன் சார் சொன்னார்: "உங்க பையன் பதினெட்டு. உக்காந்து பேச அதுல ஒண்ணுமில்லீங்க." நிர்வாகம் கூப்பிட்டுக் கேட்டபோது, "அப்ப பரீட்சைய நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். ஊரே அதைப் பேசி மகிழ்ந்தது. கணக்கு ஆசிரியையாக அவரிடம் வேலை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் பெருமையாக இருந்தது.

சாவு வீட்டிலும் அந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதே முற்றத்தில் அதே நாளில் நடந்த மற்றொன்றை யாரும் சொல்லவில்லை.

குன்னத்தில் பருத்தி போடும் பெரியசாமி, தன் இரட்டைப் பெண்கள் மல்லிகாவையும் கலாவையும் கூட்டி வந்திருந்தார். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலும் யார் யார் என்று சொல்ல முடியாத ஜாடை. மல்லிகா நாற்பத்தொன்று. கலா முப்பத்தெட்டு.

"ரெண்டும் ஒண்ணாப் பொறந்ததுங்க சார். ஒரே வெளக்குல ஒக்காந்து படிச்சதுங்க" என்றார் பெரியசாமி.

"பொறந்தது ஒண்ணா இருக்கலாம். எழுதுனது தனித்தனி."

"அப்ப ரெண்டையும் கூட்டிட்டுப் போயிர்றனுங்க. ஒண்ண விட்டுட்டு ஒண்ணு இருக்காதுங்க."

நான் இடையில் புகுந்தேன். இரண்டு மார்க்தானே சார் என்றேன். "இவளுக்கு ரெண்டு போட்டா அடுத்தவன் மூணு கேப்பான். எங்க நிறுத்துவீங்க டீச்சர்?" என்றார். அவர் மல்லிகாவின் பக்கம் திரும்பினார். "உங்கப்பா பேச வேணாம். நீ சொல்லு. இருக்கியா, போறியா?"

பதினான்கு வயதுப் பெண். முற்றம் முழுக்க அவளையே பார்த்தது. கலா அவள் கையைப் பிடித்திருந்தாள். "இருக்கேன் சார்" என்றாள் மல்லிகா. கலா கையை விட்டாள்.

கலா பருத்திக் காட்டுக்குப் போனாள். மல்லிகா படித்தாள். பிரார்த்தனைக் கூட்டத்தில் நடேசன் சார் அடிக்கடி அவளை எழுந்து நிற்கச் சொல்வார். "கூடப்பொறந்தவளையே விட்டுட்டுப் படிக்க நின்ன பொண்ணு. படிப்புன்னா இப்படி இருக்கணும்" என்பார். அது பாராட்டு இல்லை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தலை குனிந்து நிற்பாள் அவள்.

பத்தாம் வகுப்பில் மல்லிகா பள்ளியிலேயே முதலாக வந்தாள். ஆண்டு விழாவில் கோப்பை. பெரியசாமி குடும்பத்தோடு வந்திருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் பாவாடை தாவணியில் ஒரு பெண் மேடையேறினாள். நடேசன் சார் கோப்பையைக் கொடுத்துவிட்டு மைக்கில் பழைய கதையை ஆரம்பித்தார். "கூடப்பொறந்தவளையே விட்டுட்டு…"

"சார்" என்றாள் அந்தப் பெண். "நான் மல்லிகா இல்லீங்க. கலா. முப்பத்தெட்டு."

மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. பந்தல் சிரித்தது. நடேசன் சார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவள் கையிலிருந்த கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இது மார்க் எடுத்தவங்களுக்கு. எறங்கும்மா" என்றார். மல்லிகாவை மறுபடி கூப்பிட்டார். அவள் வரவில்லை. அடுத்த பரிசுக்குப் போய்விட்டார்.

கலாவை மேடைக்கு அனுப்பியது மல்லிகாதான். "அவளுக்கும் அதுல பங்கு இருக்குன்னு நெனச்சேன் டீச்சர். அவ அப்படிச் சொல்லுவான்னு தெரியாது" என்று என்னிடம் அழுதாள். குன்னத்தில் கலாவுக்கு முப்பத்தெட்டு என்றே பெயர் விழுந்தது. அந்தத் தையிலேயே சிறுவாச்சூரில் கட்டிக்கொடுத்தார்கள். மல்லிகா இப்போது திருமானூரில் ஆசிரியை. கலா பிள்ளை பெற்றபோது பார்க்கப் போனாள். "வந்த வழியே போயிடு" என்று கலா வாசலிலேயே சொல்லிவிட்டாளாம்.

பின்னாளில் ஒருமுறை நடேசன் சாரிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நான் ஒரு மார்க்காவது தப்பாப் போட்டேனா டீச்சர்?" என்றார். இல்லை. ஒருபோதும் இல்லை.

அவர் ஓய்வு பெற்றபின் அந்த நாற்காலி எனக்கு வந்தது. மார்க்கை உரக்கப் படிக்கும் வழக்கத்தை நிறுத்தினேன். இடம் கிடைக்காதவர்களை என் அறைக்கு அழைத்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துச் சொல்கிறேன். நாற்பதை மட்டும் மாற்றவில்லை. எங்கே நிறுத்துவது என்று எனக்கும் தெரியவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

போன ஜூனில் ஒரு தாய் வந்தார். மகளுக்கு முப்பத்தொன்பது. நான் மெதுவாக, வருத்தத்தோடு சொன்னேன். அவர் எழுந்து, "இவ்ளோ பொறுமையா யாரும்மா சொல்லுவாங்க" என்று என்னைக் கும்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

நடேசன் சாரை, இடம் கிடைக்காதவர்களால் திட்டவாவது முடிந்தது.