கிடைக்காத ஹவுசிங்

மெக்கானிக்குக்குப் பொய் சொல்ல வராது. "நாளைக்கு வண்டி ரெடி" என்று சொல்வதை அந்தத் தொழிலில் யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை, அது வேறு. ஆனால் சொந்த அக்கா புருஷனிடம் ஏழு மாதம் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாமா லாரி டிரைவர். சொந்த வண்டி, இருபத்திரண்டு வருஷத்துப் பழசு. லாரி ஸ்டாண்டில் அவருக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர். அவர் ஹாரன் அடித்து எவனும் கேட்டதில்லை, அதனால். முன்னால் ஒரு சைக்கிள்காரன் ஆடி அசைந்து போனாலும் அவன் பின்னாலேயே ஊர்ந்து போவாரே தவிர, ஹாரனில் கை வைக்க மாட்டார்.

சிமென்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறும்போது அவருக்கு வலிப்பு வந்தது. ஐம்பத்தோரு வயது வரைக்கும் வராத வலிப்பு. வண்டி ஓரத்து வாய்க்காலில் சரிந்து நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மருத்துவமனையில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையை நிறுத்தவே கூடாது, ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"அந்த டாக்டருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அவர் என்னைச் சொல்றார்" என்றார் மாமா.

வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்து பார்த்தபோது, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவில் கோளாறு தெரிந்தது. புகை வெளியேறும் பக்கத்தில் இருக்கிற இரும்புக் கூட்டை ஹவுசிங் என்பார்கள். அது சூட்டில் வெந்து வெந்து விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. சுற்றிலும் கரி. அப்படியே விட்டால் வண்டி கறுப்புப் புகையைத் தள்ளுமே ஒழிய மேடு ஏறாது. வேறொன்று வாங்கி மாட்டுவது ஒரு நாள் வேலை.

அன்று மத்தியானமே அக்கா ஷெட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூட மாற்றிப் போட்டிருந்தாள், இடது காலில் வேறு ஜோடி.

"தம்பி, அதைச் சரி பண்ணாதே."

"என்னக்கா சொல்ற?"

"வண்டி ஓடாம கிடந்தாத்தான் அவர் உயிரோட இருப்பார். நான் சொன்னா எங்க கேக்கறார்? சாமான் கிடைக்கலன்னு நீ சொல்லிடு."

சொன்னான். பழைய மாடல், கம்பெனியே செய்வதை நிறுத்திவிட்டது என்றான். இரண்டு கடை தள்ளி, உதிரிபாகக் கடையில் அதே ஹவுசிங் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, அதைக் கழற்றி உள்ளே வைக்கச் சொன்னான். வெல்டிங்காரரிடமும் சொல்லிவைத்தான். போகப்போகத் தெருவே சேர்ந்து மாமாவிடம் பொய் சொன்னது.

மாமா வாரம் தவறாமல் வந்தார். "வந்துச்சா மச்சான்?" என்பார். "இன்னும் இல்ல மாமா" என்பான். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். டயரைக் காலால் தட்டிப் பார்ப்பார். மாதம் ஆக ஆக, சட்டைக்குள் ஆள் சுருங்கிக்கொண்டே போனார். இடையில் வீட்டில் இரண்டு தடவை வலிப்பு வந்ததை அக்காதான் சொன்னாள். அவர் சொல்லவில்லை.

எட்டாவது மாதம் ஒரு காலையில், சாக்கில் சுற்றிய எதையோ குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். இரண்டு பஸ் மாறி, பழைய இரும்பு உடைக்கிற இடத்துக்குப் போய், அங்கே கிடந்த ஒரு லாரியிலிருந்து கழற்றி வாங்கியிருந்தார்.

"கிடைக்காதுன்னியே. பாரு."

மெக்கானிக்கின் முகத்தையே பார்த்தார். தெரிந்துகொண்டு கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஹவுசிங்கை டீசலில் கழுவி, சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தான். விரிசல் இருந்தால் சத்தம் செத்து வரும். இது கணீரென்று கேட்டது. சாக்குச் சொல்ல வழியே இல்லை.

நட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, காஸ் நெருப்பில் சூடுகாட்டித் திருகினான். மூன்று வந்தன. நான்காவது நட்டு வராமல், அது ஏறியிருந்த ஸ்டட் கம்பியே அடியோடு முறிந்தது. அதன் மிச்சத்தில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து வெளியே எடுத்தான். புதுக் கூட்டை மாட்டும்போது ஒரு நினைப்பு வந்தது. கடைசி போல்ட்டை ஒரு சுற்று அதிகமாக முறுக்கினால் போதும், போல்ட் நுழைகிற காது உடைந்துவிடும். 'பழைய இரும்பு மாமா, தாங்கல' என்று சொல்லிவிடலாம். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கை கேட்கவில்லை. எவ்வளவு முறுக்க வேண்டுமோ அவ்வளவுதான் முறுக்கியது.

டர்போவில் எண்ணெய் ஊற்றி, அதன் உள்சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்து, சாயங்காலத்துக்குள் ஸ்டார்ட் செய்துவிட்டான். புகை இல்லை.

"ஓட்டிப் பாக்கலாம். நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றான்.

"ஒரே தடவை மச்சான். கிடங்கு மேடு வரைக்கும். வெறும் வண்டிதானே."

அங்கேதான் அவன் சறுக்கினான். ஷெட்டுக்குப் பின்னால் மூடிக் கிடந்த கிடங்குகளுக்கு நடுவே ஒரு ரோடு, ஆள் நடமாட்டம் கிடையாது. சாவியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

மாமா ஏறி உட்கார்ந்ததும் பத்து வயது குறைந்ததுபோல் இருந்தது. கியர் விழுந்த சத்தமே கேட்கவில்லை. மேட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. உச்சியைத் தாண்டியதும், "மச்சான்..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. கண் ஒரு பக்கமாக நிலைத்தது. கை ஸ்டியரிங்கில் வெட்டிவெட்டி இழுத்தது. மெக்கானிக் அவர்மேல் பாய்ந்து, இன்ஜினை நிறுத்துகிற வயரை இழுத்து, கைபிரேக்கைப் போட்டான். முன் சக்கரம் கிடங்குச் சுவரில் உரசி நின்றது.

பிறகு அவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கழித்து மாமா கண் விழித்தார். சட்டையெல்லாம் எச்சில். பேன்ட் நனைந்திருந்தது.

"ஹவுசிங் மாட்டியாச்சா?" என்று கேட்டார்.

"மாட்டியாச்சு மாமா."

"ஓட்டிப் பாத்தியா?"

"நீங்கதான் ஓட்டினீங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "நானா? எனக்கு ஞாபகமே இல்லையே." பிறகு, "மேடு ஏறுச்சா?" என்றார்.

"கியரைக் குறைக்காம, மூணாவதுலயே ஏறுச்சு."

"மூணாவதுலயா" என்று சொல்லிவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். மெக்கானிக் கை துடைக்கிற வேஸ்ட் துணியை எடுத்து அவர் பேன்ட்டைத் துடைத்தான்.

அக்கா அவனைத் திட்டவில்லை. "உன்னைத் திட்டறதுக்குக்கூட எனக்குத் தெம்பில்ல, போ" என்றாள். அடுத்த மாதம் வண்டியை யாரோ ஒரு செங்கல் சூளைக்காரருக்கு விற்றார்கள். டர்போ பிரமாதமாக இருக்கிறது என்று வாங்கியவர் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வலிப்பு இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறது. அக்கா துணி தைக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் போய் மாமாவோடு உட்கார்ந்து டிவி பார்ப்பான். தெருமுனையில் ஏதாவது லாரி கியரைக் குறைக்கிற சத்தம் கேட்டால் மாமா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். அறை புழுங்கும். அக்கா ஃபேனைக் கூட்டி வைப்பாள்.