தலையாட்டி கேட்ட கச்சேரி

விசைத்தறிக் கூடத்தில் அவருக்குத் தலையாட்டி என்று பேர். அங்கே யாரும் தொண்டை கிழியக் கத்துவதில்லை. கத்தினாலும் தறிச் சத்தத்தில் எடுபடாது. உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அந்தப் பாஷையில் அவர் கில்லாடி. மேஸ்திரி அந்தக் கோடியில் நின்று வாய்க்குள் திட்டினாலும், இங்கிருந்தே தலையாட்டிவிடுவார். தன் காது எப்போது போனது என்று அவருக்கே தெரியாமல் போனதற்கும் அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் காரணம்.

மனைவி விடவில்லை. தையல் கம்பெனியில் காஜா எடுத்தே ஓய்ந்துபோன மனுஷி, டாக்டர் டாக்டராக அலைந்து ஒரு காது மெஷினை வாங்கி மாட்டிவிட்டாள். மாட்டியதும், "கேக்குதாங்க?" என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்திடம் இல்லை என்று சொல்ல எந்தக் கல்நெஞ்சக்காரனுக்கு மனசு வரும்? தலையாட்டிவிட்டார். மெஷினில் வந்ததோ வெறும் கரகரப்பு. பழகினால் சரியாகிவிடும் என்று நாளை ஓட்டினார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் உயிரையே வைத்திருந்த பாடகர் ஊருக்கு வருகிறார் என்றதும் டிக்கெட்டோடு வந்து நின்றாள். கச்சேரிச் சத்தத்திலாவது நாலு வார்த்தை காதில் விழாதா என்று அவருக்கும் ஒரு நப்பாசை.

விழவில்லை. டிரம் அடி மட்டும் நெஞ்சில் இடித்தது. மற்றதெல்லாம் தறிக்கூடத்து இரைச்சலேதான், இதற்கு டிக்கெட் வேறு. நல்லவேளையாக, மேடையோரத்துப் பெரிய திரையில் பாடகரின் முகம் தெரிந்தது. உதட்டைப் பிடித்துக்கொண்டார். தெரிந்த பாட்டுகள்தானே! தொடையில் தாளம் போட்டு, சொல்லுக்குச் சொல் கூடவே வாயசைத்தார். அவள் பூரித்துப்போனாள்.

ஒரு பாட்டின் நடுவே அவள் கை அவர் கையைச் சட்டென்று பிடித்து நிறுத்தியது. திரும்பிப் பார்த்தார். அரங்கமே எழுந்து நின்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. எல்லா உதடுகளிலும் ஒரே வார்த்தை: "கேக்கல! கேக்கல!" பாடகரின் மைக் எப்போதோ செத்துப்போயிருந்தது. அது தெரியாமல் அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார், இவர் பாட்டுக்கு ரசித்துக்கொண்டிருந்தார்.

"எதைக் கேட்டு வாயசைச்சீங்க?" என்றாள்.

"உதட்டப் பாத்துதான்."

"அப்ப வீட்டுல? அடுப்பப் பாத்துக்கிட்டே நான் சொன்னதெல்லாம்?"

"உன் தோள் அசைஞ்சா ‘ம்’ போடுவேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"எல்லாத்துக்கும் ‘ம்’ன்னீங்களே," என்றாள். "நீங்க என்னை மன்னிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

"எதுக்கு? என்ன சொன்ன நீ? இப்பச் சொல்லேன்."

மைக் சரியாகிவிட்டது போலிருக்கிறது. ஜனங்கள் கைதட்டி உட்கார்ந்தார்கள். அவள் உதடு துடித்ததே தவிர, அதிலிருந்து படிப்பதற்கு ஒன்றும் வரவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றாள் கடைசியில். "பாட்டக் கேளுங்க."