அத்தானின் கோட்டு

கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன் அக்கா துணியைப் புரட்டி, உள்தையலைக் கட்டைவிரலால் நீவிப் பார்ப்பாள். உள்ளே எவ்வளவு துணி மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறாளாம். இத்தனை வருடமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறேன். அவள் ஒரு நாளும் இதைத் தவறவிட்டதில்லை.

எங்கள் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. பெரிய உடையைச் சிறிதாக்கித் தருவதுதான் வேலை. கதவில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அக்கா மகள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள்.

"கட் டவுன்னு போட்டிருக்கு சித்தி. மரத்தை வெட்டிச் சாய்ச்சாலும் அதான், சிகரெட்டைக் குறைச்சாலும் அதான். பெரியவங்க துணிய வெட்டிச் சின்னவங்களுக்குத் தைச்சாலும் அதான்."

"உங்கம்மா வாயையும் அப்படிப் பண்ண முடியுமான்னு கேளு."

அக்கா ஊசியைக் காட்டி என்னை மிரட்டினாள்.

அத்தான் கப்பல் வேலைக்குப் போனவர். முதலில் வாரம் தவறாமல் போனில் பேசினார், பிறகு எப்போதாவது, பிறகு அதுவும் இல்லை. ஏதோ துறைமுகத்தில் இறங்கிப் போனவர் திரும்பவில்லை என்றார்கள் கம்பெனியில். அவருடைய கம்பளிக் கோட்டு மட்டும் அலமாரியில் தொங்கியது. அக்கா அதை வெயிலில் காயவைப்பாள், தூசி தட்டுவாள், திரும்ப மாட்டுவாள்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. விடியற்காலை ஷிப்ட், கடும் குளிர். அப்பா கோட்டைக் கேட்டாள். அக்கா மறுக்கவில்லை. ஆனால் எங்கும் வெட்டாமல், அதிகத் துணியையெல்லாம் உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தாள். பிரித்தால் பழையபடி அவர் அளவுக்கு வந்துவிடும்.

மகள் போட்டுப் பார்த்தாள். முழங்கை மடங்கவில்லை.

"மூட்டை மாதிரி இருக்கேம்மா."

"குளிருக்கு நல்லதுதானே."

"கட் டவுன்னா வெட்டணும். நீ மடிச்சு ஒளிச்சு வச்சிருக்க. யாருக்கும்மா?"

"அவர் வந்து கேட்டா?" என்றாள் அக்கா, என்னைப் பார்த்து.

"வந்தா நான் புதுசு வாங்கித் தரேன்," என்றாள் மகள், மெதுவாக.

அன்று மத்தியானம் அக்கா மடிப்புகளைப் பிரித்தாள். சாக்பீஸால் கோடு போட்டாள். பின்னால் பெரிதாக்க உதவும் என்று ஊரார் துணியிலெல்லாம் இரண்டு விரல் கூடுதலாக விடுபவள், இதில் தையலுக்குத் தேவையானதை மட்டும் விட்டாள்.

"கொஞ்சம் கூடுதலா விடேன்க்கா."

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வெட்டினாள்.

கோட்டு மகளுக்குப் பொருத்தமாக இருக்கிறது. தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். அத்தானைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்து கேட்பதை அக்கா நிறுத்திவிட்டாள்.