ஜவ்வு கீதா?

ஐம்பதுகளில் ராயபுரம் கடற்கரையில் என் பெயர் ஜவ்வு. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது என் வலது முட்டி. சடுகுடு ஆடும்போது என் தோஸ்து காலைப் பிடித்தான். கட்டுமரத்தில் போகிறவன், கால் பிடித்தால் விடமாட்டான் என்று பெயர் வாங்கியவன். நான் திமிறித் திரும்பினேன். முட்டிக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்தார்கள். “ஜவ்வு பிஞ்சி கெடந்துச்சி, தச்சாச்சி. ஆறு மாசம் போனா ஆடலாம்” என்றார் கம்பவுண்டர்.

ஆறு மாதம் போயிற்று. ஒரு வருடமும் போயிற்று. ஞாயிறுதோறும் மணலுக்குப் போவேன். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, எப்படி ஆட வேண்டும் என்று எல்லோருக்கும் யோசனை சொல்வேன். என்னை இறங்கச் சொன்னால் மணல் சூடு, மணல் ஈரம் என்பேன். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் சாயங்காலத்தில் வருவது பெரிய வசதி.

ஹார்பரில் நாள் முழுக்கக் கப்பல் ஏணி ஏறி இறங்கும் குமாஸ்தா நான். அது எல்லோருக்கும் தெரியும்.

“ஏணில ஏர்றப்போ வலிக்காத முட்டி கோட்டாண்ட வந்தாதான் வலிக்குமா மாமு? இன்னாத்துக்கு இப்டி ஜவ்வா இழுக்கற?” என்பார்கள் ஆடுகிறவர்கள்.

உண்மையில் எனக்குப் பயம். அந்தப் பட்டென்ற சத்தம் மறுபடி கேட்டுவிடுமோ என்ற பயம். தோஸ்து மட்டும் கிண்டல் செய்யமாட்டான். பக்கத்தில் வந்து ஒரு பீடியைக் கொடுத்துவிட்டுப் போவான். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு ஆள் குறைந்தது. மணி ஆறு தாண்டி ராகுகாலமும் முடிந்திருந்தது. சொல்ல வேறு காரணம் அகப்படவில்லை.

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, “சடுகுடு சடுகுடு” என்று கோட்டைத் தாண்டினேன். எதிரே தோஸ்து. பிடிக்கப்போகிறான் என்று பல்லைக் கடித்தேன். அவன் பின்வாங்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வழிவிடுவது போல ஒதுங்கினார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “டேய், காலைப் புடிடா!” என்று கத்தினேன்.

பேசினால் பாட்டு விட்டுப்போகும். நான் அவுட். காலைப் பிடிக்கச் சொல்லி அதட்டி அவுட்டானவன் ராயபுரத்திலேயே நான் ஒருவன்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தோஸ்து சிரிக்கவில்லை. “அன்னிலேந்து எவன் காலையும் நான் புடிக்கலடா” என்றான்.

ஒரு வருடம் வெளியே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன எனக்கு அது கண்ணில் படவே இல்லை. வெட்கமாகப் போயிற்று.

அடுத்த ஆட்டத்தில் பாடிக்கொண்டே நேராக அவனிடம் போய் வலது காலை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான். குப்புற விழுந்தேன். வாயெல்லாம் மணல். மூச்சு தீரும்வரை பாடினேன்.

“ஜவ்வு கீதாடா?” என்று கேட்டான், பிடியைத் தளர்த்தாமல்.

காலை மெல்ல அசைத்துப் பார்த்தேன்.

“கீதுடா” என்றேன். அதற்குப் பிறகுதான் விட்டான்.