எலிவேட்டர் குழியும் சலீம் பாயும்

என் எழுத்து வரிக்கு வரி ஏறி இறங்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ரைஸ் மில்லில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி மில்லில் வேலை பார்த்தேன். ஊறிய நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடிப்பாகம் இரண்டு ஆள் ஆழக் குழிக்குள் இருக்கும். சிந்திய நெல் அங்கே கிடந்து புளிக்கும். அடைத்தால் ஒருவர் கூடையோடு இறங்கி அள்ளுவார். அந்தப் புளித்த வாடை வீடு வரை சட்டையில் வரும். பழகிப்போனதால் யாரும் பயந்ததில்லை.

ஒரு ஐப்பசி மழையில் மில் சில நாள் மூடிக் கிடந்தது. குழியையும் பலகை போட்டு மூடியிருந்தோம். திறந்த அன்று காலை என் தங்கை புருஷன் கோவிந்தன் இறங்கினான்.

“எலி செத்துக் கெடக்கு போல மச்சான், மூக்கப் பொத்திக்கங்க” என்று சிரித்தான். அடுத்த நொடி ஏணியிலிருந்து விழுந்தான். கூப்பிட்டேன், பதில் இல்லை. ஏணியில் கால் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்புத் துண்டைப் பிடித்து இழுத்தது. முதலாளியின் தம்பி சலீம் பாய். குவைத்தில் எண்ணெய் டேங்க் கழுவும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

“விடுங்க பாய், என் மாப்ள கெடக்குறான்!”

“நீயும் போனா ரெண்டு பேரத் தூக்கணும். கீழ நல்ல காத்து இல்லடா!”

உமி தள்ளும் ப்ளோயரின் குழாயைக் கழற்றிக் குழிக்குள் விட்டு ஓடவிட்டார். காற்று நன்றாக இறங்கிய பிறகு, தன் மார்பில் கயிறு கட்டி, மறுமுனையை எங்களிடம் கொடுத்து இறங்கினார். கோவிந்தனுக்கும் ஒரு கயிறு கட்டினார். இழுத்து வெளியே கிடத்தினோம். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு இருமினான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் பாய் சொன்னார்: “குவைத்துல ஒரே டேங்க்ல மூணு பேரு செத்துப் போனாங்க. ஒருத்தன் வேலைக்கு எறங்குனவன். மத்த ரெண்டு பேரும் அவனத் தூக்கப் போனவங்க.”

அதன்பின் குழியைத் திறந்து, ப்ளோயர் ஓட்டி, கயிறு கட்டித்தான் இறங்குவது. மேலே ஒருவர் வேறு வேலை தொடாமல் நிற்க வேண்டும். அது நான். “நிக்கிறதுக்குக் கூலி வாங்குற ஒரே ஆளு நீங்கதாண்ணே” என்று லோடுமேன்கள் சீண்டுவார்கள். எனக்குப் பதில் பேச வராது. கோவிந்தன்தான் பேசுவான்: “டேய், எங்க மச்சான் நிக்கிறதாலதான் நீ சாயங்காலம் வீடு போயிச் சேர்ற.”

பிள்ளைகளே, பழகிய வாடை என்று நம்பாதீர்கள். யாராவது விழுந்தால் முதலில் காற்று, பிறகு கயிறு, அப்புறம்தான் ஆள்.

போன வாரம் கோவிந்தன் மகள் கல்யாணத்தில் பாய்க்கு நானே பரிமாறினேன். “என்னப்பா, எனக்கு மட்டும் ரெண்டு தடவ பாயசமா?” என்றார். அப்போதும் கூச்சத்தில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன். நன்றி பாய்.

தை பிறந்து பத்தாம் நாள்.